ஜெரிக்கோவின் குதிரை வீரன் பின்னால் திரும்பியிருப்பது ஓவியரின் பிழையா?

பிழை இல்லை. பிரெஞ்சு ஓவியர் தியோடோர் ஜெரிக்கோ, நெப்போலியனின் காவற்படைக் குதிரை வீரன் ஒருவன் பாய்ந்து செல்வதாக வரைந்த ஓவியம் இது. இதில் குதிரை ஒரு பக்கம் பாய, வீரனின் உடல் மறுபக்கம் முறுகியிருப்பது உடலமைப்புக்கு ஒவ்வாதது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அதைக் கைபேசித் திரையில் பார்த்திருப்பீர்கள் என எண்ணுகிறேன், ஏறக்குறைய 3.5 மீட்டர் உயரமும் 2.7 மீட்டர் அகலமும் கொண்ட ஓவியத்தை உள்ளங்கையில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

நான் கலை வரலாறு படித்தவன் அல்லன். பாரிஸில் ஓர் உணவகத்தில் வேலை செய்துகொண்டு, விடுமுறை நாட்களில் வரைபவன். சில ஆண்டுகளுக்கு முன் இதே ஓவியத்தைச் சிறிய கித்தானில் படியெடுத்தபோது, மாலை வகுப்பு ஆசிரியர் உங்களைப் போலவே, "இவ்வளவு முறுக்கை எந்த இடுப்பும் தாங்காது, நேராக்குங்கள்" என்றார். அவர் சொற்படி வீரனை முன்னோக்கி அமர்த்தினேன். மறுநாள் பார்த்தால், குதிரை பாய்வதை நிறுத்திவிட்டது. கடிவாளத்தை இழுத்து நிறுத்திய ஊர்வலக் குதிரையாக நின்றது.

அதன் பிறகுதான் குறிப்பேட்டுடன் லூவர் அருங்காட்சியகத்துக்குச் சென்று அசல் ஓவியத்தின் முன் நெடுநேரம் நின்றேன். குதிரை தன் பின்பாதியை நமக்குக் காட்டி, படத்தின் ஆழத்துக்குள் எழும்பிச் செல்கிறது. வீரனோ நம் பக்கம் திரும்புகிறான். இவ்விரண்டு இழுப்புகளும் சந்திக்கும் இடம் அந்த இடுப்பு. அவன் முகத்தில் வெறி இல்லை, உதடுகள் மூடியிருக்கின்றன. அச்சமெல்லாம் குதிரையின் வெள்ளை தெரியும் கண்ணிலும் திறந்த வாயிலும் இருக்கிறது. இந்த ஓவியத்தைப் புத்தக அட்டைக்காகக் குதிரையின் பின்பாதியை வெட்டி அச்சிடுகிறவர்கள்மீது எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

ஜெரிக்கோ குதிரையை அறியாதவர் அல்லர். குதிரை ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற கார்ல் வெர்னேயிடம் பயின்றவர். பாரிஸுக்கு அருகிலுள்ள சேன் குளூ என்னும் ஊருக்குச் செல்லும் சாலையில் வண்டிக் குதிரை ஒன்று மிரண்டு எழும்பியதைக் கண்டதே இந்த ஓவியத்துக்கு வித்து என்பார்கள். 1812ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் இது பதக்கம் பெற்றபோது அவருக்கு வயது 21. அந்நேரம் நெப்போலியனின் படை மாஸ்கோவிலிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஓவியர் தோல்வியை முன்கூட்டியே உணர்ந்தார் என்று நான் வாதிடவில்லை. அவ்வாறு என்மீது யாரும் ஏற்றிச் சொல்ல வேண்டாம். ஆனால் 1814இல் இதனுடன் காட்சிக்கு வைத்த மற்றோர் ஓவியத்தில், காயமுற்ற கவச வீரனைக் குதிரையிலிருந்து இறக்கித் தரையில் நிறுத்தியவரும் அவரே.

என் படியை மீண்டும் திருத்தி, இடுப்பைப் பழையபடி முறுக்கினேன். சன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும்போது, நேராக்கப்பட்ட தோளின் தடித்த விளிம்பு புதிய வண்ணத்தின் அடியில் இன்றும் தெரிகிறது.