கப்பல் ஹெலியா, மீட்பு ஹெலியா? விருப்பப் படிவத்தில் எந்தத் தளத்தை முதலில் எழுதுவது?

கேள்வி: எனது கணவர் கனடா விமானப்படையில், போர்க்கப்பலில் நிற்கிற சைக்லோன் ஹெலி ஓட்டுகிறார். ஹலிபாக்ஸ் துறைமுகத்துக்கு அக்கரையில் உள்ள ஷியர்வோட்டர் தளத்தில் வேலை. என்னுடைய ஸ்பொன்சர் அலுவல் முடிகிற கட்டத்தில் இருக்கிறது. நான் இங்கே தாதியாக வேலை செய்கிறேன். அடுத்த போஸ்டிங்குக்கு விருப்பம் எழுதித் தரும்படி அவரிடம் கேட்டிருக்கிறார்கள். தேடல் மீட்புப் பிரிவுக்கு மாறினால் கப்பலில் போகத் தேவையில்லை, வீட்டோடு நிற்கலாம் என்கிறார். அது சரிதானா? எந்த இடத்தை முதலாவதாக எழுதுவது? (வாசகி, நெல்லியடி)

பதில்: கப்பலில் போகத் தேவையில்லை என்பது சரி. வீட்டோடு நிற்கலாம் என்பது பாதிதான் சரி.

முதலில் ஒரு விளக்கம். கனடாவில் 1968இல் முப்படைகளையும் ஒன்றாக்கினார்கள். அதனால் கடற்படைக் கப்பலில் நிற்கிற ஹெலியையும் அங்கே விமானப்படையே ஓட்டுகிறது. உங்கள் கணவர் படையை விட்டு விலகத் தேவையில்லை. ஒரு ஸ்குவாட்ரனிலிருந்து, அதாவது பறப்புப் பிரிவிலிருந்து, இன்னொன்றுக்கு மாறுகிறார், அவ்வளவுதான். ஆனால் இயந்திரம் வேறு, பயிற்சி வேறு. சைக்லோனில் கப்டனாக இருந்தவரும் கோர்மொரண்ட் என்ற மீட்பு ஹெலிக்குப் போனால் மாற்றுப் பயிற்சி முடித்து, துணை விமானியாகத்தான் தொடங்க வேண்டும். கடலுக்கு மேல் இரவில் அந்தரத்தில் நிறுத்திப் பிடிக்கிற பழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருப்பதால் மற்றவர்களைவிட விரைவாக மேலே வருவார்.

இனி அந்த 'வீட்டோடு' விஷயம். கப்பல் ஹெலிக்காரர் போர்க்கப்பலோடு போனால் ஏறத்தாழ ஆறு மாதம் வரமாட்டார். ஆனால் போகிற திகதி முன்கூட்டியே தெரியும், வருகிற திகதியும் ஓரளவு தெரியும். மீட்பு ஹெலிக்காரர் அப்படி நீண்டகாலம் போகமாட்டார். எப்போது போவார் என்பதுதான் தெரியாது. கனடாவின் முறைப்படி, வாரத்தில் 40 மணித்தியாலம், பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 4 வரை, அழைப்பு வந்து 30 நிமிடத்துக்குள் ஹெலி எழும்ப வேண்டும். மற்ற நேரம் முழுக்க 2 மணித்தியாலத்துக்குள். கோடையிலும் மீன்பிடிப் பருவத்திலும் அந்த 40 மணித்தியாலத்தை மாலைக்கும் சனி ஞாயிறுக்கும் நகர்த்துவதும் உண்டு.

இரண்டு மணித்தியாலம் தாராளம் என்று தோன்றும். அதற்குள்தான் வீட்டிலிருந்து தளத்துக்கு வர வேண்டும், வானிலை பார்க்க வேண்டும், போய்வர எரிபொருள் கணக்கிட வேண்டும், குழுவோடு திட்டம் கதைக்க வேண்டும், இயந்திரத்தைக் கிளப்ப வேண்டும். ஆகவே ஸ்ரான்ட்பை நாளில் அவர் வீட்டில் இருந்தாலும் தூரம் போகமுடியாது, ஒரு வாய் மதுவும் கூடாது, போனை விட்டு விலக முடியாது. இதற்கு ஓவர்டைம் காசும் இல்லை. கனடாப் படையில் அந்தக் கதையே கிடையாது. கப்பலில் போனாலோ கடற்கடமைக்கான படிக்காசு சேரும். வெளிநாட்டு நடவடிக்கையாக அறிவிக்கப்பட்ட பயணமென்றால் அந்தக் காலச் சம்பளத்துக்கு வருமான வரிச் சலுகையும் உண்டு. மாறினால் கைக்கு வருகிற காசு கொஞ்சம் குறையலாம் என்பதையும் இப்போதே கணக்கில் எடுங்கள்.

இடங்களுக்கு வருவோம். கோர்மொரண்ட் மீட்பு ஹெலிகள் மூன்று தளங்களில் நிற்கின்றன: நோவா ஸ்கோஷியாவில் கிறீன்வூட் (413 ஸ்குவாட்ரன்), நியூபவுண்ட்லாந்தில் காண்டர் (103), பசிபிக் பக்கம் வன்கூவர் தீவில் கோமொக்ஸ் (442). ஒன்ராறியோவின் ட்ரென்டனில் 424 ஸ்குவாட்ரன் கிரிபன் என்ற சிறிய ஹெலியில் மீட்புப் பணி செய்கிறது. சைக்லோனோடு நின்றால் இப்போதிருக்கிற ஷியர்வோட்டர், இல்லாவிட்டால் விக்டோரியாவுக்குப் பக்கத்திலுள்ள பற்றீசியா பே.

ட்ரென்டனை முதலில் சொல்லக் காரணம், சொந்தக்காரர் எல்லோரும் அதைத்தான் எழுதச் சொல்வார்கள். ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 150 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் போகிற தூரம். கோயில், கடை, கலியாண வீடு எல்லாம் எட்டுகிற தொலைவு. ஆனால் கிரிபன் இரண்டு எஞ்சின் கொண்ட, ஐந்தரைத் தொன்னுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள ஹெலி. கோர்மொரண்ட் மூன்று எஞ்சினோடு 14 தொன்னைத் தாண்டும். கோர்மொரண்டின் சுழலித் தகடுகளில் பனி உறையாமல் சூடேற்றும் வசதி இருக்கிறது, கிரிபனில் அது இல்லை. கடல் மீட்பைத் தன் தொழிலாக ஆக்க நினைக்கிற விமானிக்கு ட்ரென்டன் ஒரு படி இறக்கம். குடும்பத்துக்கு வசதி, தொழிலுக்குக் குறை. இரண்டில் எது முக்கியம் என்பதை நீங்கள் இருவரும் கதைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கிறீன்வூட்டை நாங்கள் முதலாவதாக எழுதச் சொல்வோம். மாகாணம் மாறாது என்பதே பெரிய காரணம். தாதியர் பதிவு கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனி. என்கிளெக்ஸ் பரீட்சை பொதுவானதுதான், ஆனால் பதிவுச் சபை வேறு, படிவம் வேறு, காத்திருப்பு வேறு. நோவா ஸ்கோஷியாவில் தொடங்கினால் அங்கேயே முடிக்கலாம். விமானியான கணவருக்குப் படையே வைத்தியம் பார்க்கும். உங்களுக்கு மாகாண சுகாதாரக் காட்தான். குடும்ப வைத்தியர் கிடைப்பது அங்கே இலேசில்லை. ஒருவரைப் பிடித்தபின் மாகாணம் மாறினால் மறுபடி முதலிலிருந்து.

இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கும். கிறீன்வூட் ஹலிபாக்ஸிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியால ஓட்டம். ஹலிபாக்ஸில் வீட்டை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வரலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். அந்த இரண்டு மணித்தியாலக் கணக்கோடு இது ஒத்துவராது. பனி கொட்டுகிற இரவில் யோசிக்கவே முடியாது. வீடு கிறீன்வூட்டிலோ அதன் அயல் ஊர்களிலோதான் இருக்க வேண்டும். நீங்கள் ஹலிபாக்ஸ் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை எடுத்தால் அந்த ஓட்டம் உங்கள் தலையில் விழும். அதைவிடத் தளத்துக்குக் கிட்டவுள்ள சிறிய ஆஸ்பத்திரிகளில் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: நவம்பர் கடைசித் திங்கட்கிழமை தென்மேற்கு நோவா ஸ்கோஷியாவில் சிங்கி இறால் பருவம் திறக்கும். கூடுகளை உயரமாக அடுக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே விடியலில் இறங்கும். அந்த நாளையொட்டி மீட்பு ஹெலியை முன்கூட்டியே அந்தக் கரைக்கு நகர்த்தி வைப்பதுண்டு. அந்த வாரத்தில் ஊர்ப்பயணம் எதுவும் வைக்காதீர்கள்.

கோமொக்ஸ் அழகான இடம், குளிரும் கிழக்கைப்போல இல்லை. வேலையோ வேறு வகை. மலைச்சரிவு, பள்ளத்தாக்குக் காற்று, தாழ்ந்த முகில். கடலில் பழகிய விமானிக்கு மலையில் ஹெலி பிடிப்பது புதுப்பாடம். மலைமுகட்டின் மறைபக்கத்தில் காற்று கீழ்நோக்கி இறங்கும். எஞ்சினில் மிச்சப் பலம் இல்லாமல் அதற்குள் போனால் ஹெலி அமிழும். அங்கிருந்து வன்கூவர் போக, நனைமோவுக்கு 110 கிலோமீற்றர் ஓடி, பிறகு பெரியில் 1 மணித்தியாலம் 40 நிமிடம். இதை இரண்டாவதாக எழுதலாம்.

காண்டர் சிறிய ஊர், சனத்தொகை 12,000 அளவில். மாகாணத் தலைநகர் சென்ற் ஜோன்ஸ் 330 கிலோமீற்றர். கண்டி வீதியின் முழு நீளத்தையும் ஓடுகிற மாதிரி. அதற்கும் அப்பால் 315 கிலோமீற்றர் கடலுக்குள் ஹைபேர்னியா எண்ணெய் மேடை நிற்கிறது. கோடையில் அந்தக் கடலைப் புகார் மூடும், மாரியில் மழை விழுந்தவுடன் உறையும். தூரம் அங்கே எவ்வளவு கொடியது என்பதற்கு 2009 மார்ச் 12 சாட்சி. எண்ணெய் மேடைக்குப் போன கூகர் கம்பனியின் ஹெலி (பறப்பு 491) கடலில் விழுந்தபோது 103 ஸ்குவாட்ரனின் ஹெலிகள் பயிற்சிக்காக நோவா ஸ்கோஷியாவின் சிட்னியில் நின்றன. 17 பேர் இறந்தார்கள். உயிரோடிருந்த ஒருவரைத் தூக்கியது அந்தக் கம்பனியின் இன்னொரு ஹெலி. நீண்ட கடற்பறப்புக்குச் சைக்லோன் விமானி பொருத்தமான ஆள். ஆனால் புதிதாக நாட்டுக்கு வருகிற ஒரு பெண் அந்த ஊரில் அடிக்கடி இரவில் தனியாக இருப்பது எளிதல்ல. மூன்றாவதாக எழுதுங்கள், எழுதாமல் விடாதீர்கள். ஒரே இடத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால், அது இல்லையென்றதும் எங்கேயாவது போடுகிற சுதந்திரத்தைப் போஸ்டிங் போடுகிற அதிகாரியான கரியர் மனேஜருக்கு நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள்.

எது ஆபத்துக் குறைவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். இரண்டு பக்கமும் இழப்பு நடந்திருக்கிறது. 2006 ஜூலை 13 இரவு, நோவா ஸ்கோஷியாவின் கான்சோ கரைக்கு அப்பால் ஒரு படகின் மேல் பயிற்சி செய்யப்போன கோர்மொரண்ட் கடலில் விழுந்து ஏழு பேரில் மூவர் இறந்தனர். 2020 ஏப்ரல் 29, அயோனியன் கடலில் கப்பலுக்குத் திரும்பிய சைக்லோன் விழுந்து ஆறு பேரும் இறந்தனர். தானியங்கிப் பறப்புமுறை இயங்கிக்கொண்டிருக்கும்போதே கையால் திருப்பியதில் கணினியும் விமானியும் முரண்பட்டதாக விசாரணை சொன்னது. பெயரைவிட, மாதத்துக்கு எத்தனை மணித்தியாலம் பறக்கக் கிடைக்கிறது என்பதுதான் கையைப் பழக்கத்தில் வைத்திருக்கும். கோர்மொரண்ட்கள் இப்போது மேம்படுத்தலுக்குப் போய்வருகிற காலம். ஆகவே ஒவ்வொரு ஸ்குவாட்ரனிலும் தெரிந்த விமானியிடம், எத்தனை ஹெலி ஓடுகிற நிலையில் நிற்கிறது, புதியவருக்கு எத்தனை மணித்தியாலம் கிடைக்கிறது என்று அவர் இப்போதே கேட்டறியட்டும்.

விண்ணப்பத்தில் முட்டுக்கட்டை வரக்கூடிய இடம் வேறு. சைக்லோன் பக்கம் விமானிகள் குறைவென்றால் அவர்கள் ஆளை விடமாட்டார்கள். அதனால் விருப்பப் படிவத்தோடு, எந்த மாதத்தில் கப்பல் கடமை முடிகிறது, மாற்றுப் பயிற்சி வகுப்பு எப்போது தொடங்குகிறது என்ற இரண்டையும் பொருத்திக் காட்டி ஒரு குறிப்பு எழுத வேண்டும். மனைவி வருகிறார் என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும். போஸ்டிங்குகள் பெரும்பாலும் கோடையில் நடக்கும். போஸ்டிங் கடிதம் கைக்கு வருமுன் வீட்டு ஒப்பந்தத்தை முறிக்கவோ புதுவீட்டுக்கு முற்பணம் கட்டவோ வேண்டாம். கடிதம் வந்தபின் வீடு பார்க்கப் போகும் செலவைப் படையே ஏற்கும். அந்தப் பயணத்தில் நீங்களும் சேர்ந்து போகலாம். படைக் குடியிருப்பில் காத்திருப்போர் வரிசை இருக்கும், கடிதம் வந்த அன்றே பெயரைப் பதியுங்கள். 2023 ஜூலையிலிருந்து வாடகை கூடிய இடங்களுக்கு வீட்டுப்படி ஒன்றும் தருகிறார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் அது எவ்வளவு என்று பார்த்துத்தான் வாடகைக் கணக்குப் போட வேண்டும்.

உங்கள் பக்கத்துக் கணக்கொன்று மிச்சம். குடியுரிமைக்கு ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அவர் கப்பலில் போகிற ஆறு மாதமும் அம்மாவோடு நெல்லியடியில் நின்றால் அந்த நாட்கள் எண்ணிக்கையில் சேராது. அவருடைய மாற்றுப் பயிற்சி நடக்கிற மாதங்களில் போய் இறங்குவதையும் தவிருங்கள். அந்த நேரம் அவர் வேறு தளத்தில் காலையும் மாலையும் படிப்பில் இருப்பார். தொழிற்பதிவு, சுகாதாரக் காட், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் நீங்கள் தனியாக ஓட வேண்டிவரும். விசா கையில் வந்ததும் அதில் நாட்டுக்குள் இறங்கவேண்டிய கடைசித் திகதி இருக்கும்; அதைப் பயிற்சித் திகதியோடு ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு ரிக்கற் போடுங்கள்.