குறைமாதக் குழந்தை பிறந்தவுடன் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்பது உண்மையா?

மனைவிக்கு 30 வாரம், இரண்டு தரம் வயிறு இறுகி வார்டில் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள், முந்திப் பிறந்தால் அந்த முதல் மணி நேரம் எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று உங்கள் அம்மா சொல்கிறா என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது முதல் பிள்ளையாகத்தான் இருக்கும். இரவில் நித்திரை இல்லாமல் இருந்து எழுதிய கேள்வி என்று வாசிக்கவே விளங்குகிறது.

நான் டொக்டர் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் பல வருடமாகக் குடும்பநல மாதுவாக வேலை செய்கிறேன். ஊரில் மிட்வைஃப் மிஸ்ஸி என்பார்கள். நான் எழுதுவது வைத்தியசாலைக்குப் பதில் அல்ல, வீட்டில் பெறுங்கள் என்று நான் சொல்வதாகவும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு நேர்மாறாகத்தான் சொல்ல வருகிறேன்.

எட்டாம் மாதக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அது பிழை. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளையின் சுவாசப்பைக்கு லாபம். 28 வாரத்தில் பிறக்கிற பிள்ளையை விட 33 வாரத்தில் பிறக்கிற பிள்ளைக்குத்தான் பலம் அதிகம். அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள், அவ பயத்தில் சொல்கிறா. ஆனால் எட்டாம் மாதம் என்பதற்காக "எப்படியும் தங்காது" என்று யாரும் கையை விட்டுவிடக் கூடாது. அப்படி விட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி என் விஷயம். 2011 தை மாத வெள்ளம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. அப்போது மண்முனைப் பாலம் இல்லை, அது 2014இல்தான் திறந்தது. அதுவரை வாவியைக் கடக்கப் பாதைதான், அதாவது ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றுகிற அந்தப் படகு. கொக்கட்டிச்சோலைக்கு அங்கால ஒரு வீட்டில் 33 வாரத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. தண்ணீருக்குள் ட்ரக்டரில் நான் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வீட்டுப் பெத்தா, அதாவது பாட்டி, பிள்ளையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, தாய்க்குப் பக்கத்தில் பாயில் கிடத்தியிருந்தா. பிள்ளை பூனைக்குட்டி மாதிரி விடாமல் முனகிக்கொண்டிருந்தது. "அழுகுது மிஸ்ஸி, பயமில்ல" என்றா. நானும் அப்படித்தான் நினைத்தேன். சத்தம் வருகிறதே, மூச்சு இருக்கிறதே என்று. பாதத்தைத் தொட்டபோதுதான் ஐஸ் மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளை அடுத்த நாள் விடிய முதல் போய்விட்டது.

பெத்தாவில் ஒரு பிழையும் இல்லை. அவ தன் பத்துப் பிள்ளைகளையும் அப்படித்தான் பார்த்தா. முனகலைக் கேட்டு அழுகை என்று நினைத்தது நான். பயிற்சி எடுத்தவள் நான்தான்.

அந்த முனகல் என்னவென்று கேளுங்கள். சுவாசப்பைக்குள் காற்றுப் பைகள் ஒட்டிப்போகாமல் வைத்திருக்க ஒரு வழுவழுப்பான பொருள் சுரக்க வேண்டும், சர்பக்டன்ட் என்பார்கள். முந்திப் பிறந்த பிள்ளைக்கு அது போதாது. மூச்சை விடும்போதெல்லாம் அந்தப் பைகள் சுருங்கி ஒட்டப் பார்க்கும். பிள்ளை தொண்டையைப் பாதி மூடி, காற்றை உள்ளே பிடித்து வைக்கப் பார்க்கிறது. அந்தச் சத்தம்தான் முனகல். மூக்குத் துவாரம் விரியும், நெஞ்சுக்குழி உள்ளே இழுபடும். அது பிள்ளை களைத்துப் போகிற சத்தம். சீபாப் என்று மூக்கில் ஒரு சின்னக் குழாய் வைத்து அழுத்தத்தோடு காற்றுக் கொடுப்பார்களே, பிள்ளை தொண்டையால் செய்யப் பார்த்த அதே வேலையைத்தான் அந்த மெஷின் செய்கிறது. உங்கள் பிள்ளைக்கு அதைப் பூட்டியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

குளிரும் இதோடு சேர்ந்தது. மழையில் நனைந்துகொண்டு சைக்கிளில் போனால் நமக்கே பல் அடிக்கும். தோலுக்கு அடியில் கொழுப்பே இல்லாத, ஈரமான ஒன்றரைக் கிலோப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? உடம்பைச் சூடாக்க அது இருக்கிற சீனியையும் ஒட்சிசனையும் எரிக்கும். சீனி இறங்கும், மூச்சு இன்னும் மோசமாகும். உடம்புச் சூடு 36.5 பாகை செல்சியசுக்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும் என்பது அதற்காகத்தான். பிறந்த பிள்ளையை 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்ட வேண்டாம் என்று நாங்கள் வீடு வீடாகச் சொல்வதும் அதற்காகத்தான்.

சரி, மற்றக் கதை. மூன்று வருடத்துக்கு முந்திய மார்கழி. (அந்தக் குடும்பத்திடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.) 31 வாரத்தில் ஒரு பிள்ளைத்தாச்சிக்குத் தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தோம், சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. நானும் ஏறினேன். பாலம் வர முதலே தலை தெரிந்துவிட்டது. ரோட்டோரத்தில் நிற்பாட்டச் சொன்னோம். முதலில் நான் சொன்னது, "தம்பி, ஏசியை நிற்பாட்டுங்க, கண்ணாடியை மூடுங்க." சாரதிக்கு முதலில் விளங்கவில்லை, வெளியே மழை, உள்ளே எல்லாருக்கும் வேர்க்கிறது. அன்றைக்கு நான் செய்ததில் பெரியது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பெண்பிள்ளை. முதுகைத் துடைத்துத் தேய்க்க, ஒரு தரம் அழுதது. அழுததால் கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடம் பார்த்திருந்தோம். அந்த நேரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து நல்லளவு இரத்தம் பிள்ளைக்குப் போகும். மூச்சே இல்லாத பிள்ளை என்றால் அப்படிக் காத்திருக்க முடியாது. பிறகு தாயின் சட்டையைத் திறந்து வெறும் நெஞ்சில் பிள்ளையைக் குப்புற வைத்தேன். தலையைத் துடைத்துத் தொப்பி போட்டேன். தாயின் தங்கச்சிக்காரி வைத்தியசாலைச் சாப்பாட்டுக்கென்று பையில் லஞ்ச் சீற், அதாவது சோறு சுற்றுகிற பொலித்தீன் தாள், பக்கெற் ஒன்று வைத்திருந்தா, உடைக்காதது. அதில் இரண்டு தாளை எடுத்து முதுகுக்கு மேலே போட்டு, அதற்கு மேலே காய்ந்த சீலை. முகம் மட்டும் வெளியே, மூக்கு அமுங்காமல், தலையை ஒரு பக்கம் திருப்பி. "என்ன மிஸ்ஸி, சோறு சுத்துற தாளையா புள்ளைக்குப் போடுற?" என்று தங்கச்சி அழுதா.

இதை வாசித்து, பிளாஸ்டிக்கில் சுற்றச் சொல்கிறாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 32 வாரத்துக்கு முந்திய பிள்ளைகளைப் பிறந்தவுடனே கழுத்துவரை சுத்தமான பொலித்தீன் பைக்குள் வைப்பது லேபர் ரூமில் நடக்கிற முறைதான், ஈரம் ஆவியாகிச் சூடு போகாமல் இருக்க. முகத்தை ஒருபோதும் மூடுவதில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் தொடங்கியது. ம்ம்... ம்ம்... தாய் சிரித்துக்கொண்டு "கதைக்கிறா மிஸ்ஸி" என்றா. எனக்கு 2011 பாய்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அம்புலன்ஸ் தம்பி போனில் சொல்லி, ஆரையம்பதி, காத்தான்குடி நெரிசல் எல்லாம் தாண்டிக் கல்லடிப் பாலத்தால் இறங்கும்போது பெரிய வைத்தியசாலையின் பிபியூவில், அதாவது குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்கிற பிரிவில், எல்லாம் ஆயத்தமாக இருந்தது. வாசலிலேயே சூடு பார்த்தார்கள். 36.4. ஒரு புள்ளிதான் குறைவு. நிறை 1,410 கிராம். உடனே சீபாப், குதியில் குத்திச் சீனி பார்த்தார்கள், விற்றமின் கே ஊசி போட்டார்கள். ஒட்சிசனை அளந்துதான் கொடுத்தார்கள், கூடினால் இந்தப் பிள்ளைகளின் கண்ணுக்குக் கேடு. தாய் பிழிந்து கொடுத்த சீம்பாலைக் கன்னத்துக்குள் துளித்துளியாக விட்டார்கள். உங்களுக்கும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும்.

நெஞ்சோடு வைப்பதைக் கங்காரு முறை என்பார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியது. இல்லாதவர்களின் வைத்தியம் என்று நெடுநாள் நினைத்தார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனமே, பிறந்தவுடனேயே தொடங்குங்கள், ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வையுங்கள் என்று சொல்லிவிட்டது. மூச்சே எடுக்க முடியாத, மிகவும் கடுமையான நிலையில் இருக்கிற பிள்ளைகளுக்கு முதலில் வேறு சிகிச்சை. தகப்பனும் நெஞ்சில் வைக்கலாம், வெட்கப்படாமல் கேளுங்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனது ஆறவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்கத் தகப்பன் ஐந்து தரம் அலைந்தார். ரோட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த இடம் என்ன போடுவது என்று ஒரு கந்தோரிலிருந்து மற்றதுக்கு அனுப்பினார்கள். கடைசியில் வந்த பத்திரத்தில் பெயரில் எழுத்துப் பிழை. அவர் கூலி வேலை செய்கிறவர், ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம். பிள்ளையைச் சாகாமல் கொண்டுவந்த குடும்பத்தை ஒரு எழுத்துக்காக அலையவிட்டதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

சரி, உங்கள் வீட்டு விஷயம். வார்டிலிருந்து விடும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டை எடுத்து, பிள்ளையின் சுவாசப்பை முதிர்வதற்கான டெக்சாமெதசோன் ஊசி போட்டதாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. இல்லையென்றால் நாளைக்கே கிளினிக்கில் கேளுங்கள். வயிறு திரும்ப இறுகினால், தண்ணீர் போனால், இரத்தம் பட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். பிள்ளை போய்ச் சேரப் பாதுகாப்பான வாகனம் தாயின் வயிறுதான். பெரிய வைத்தியசாலைக்கு வயிற்றோடு போய்விட்டால் மேலே எழுதியதில் பாதி தேவைப்படாது. பையில் இப்போதே இரண்டு சின்னத் தொப்பி, காய்ந்த பருத்திச் சீலை நாலைந்து, மனைவிக்கு முன்பக்கம் திறக்கிற சட்டை ஒன்று எடுத்து வையுங்கள். அம்மாவிடம் தேன், சீனித் தண்ணீர் எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லுங்கள்.