பகுதி நேரக் கட்டுரை வகுப்பிலிருந்து முனைவர் பட்டத்துக்கு: ஏஜெண்டுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறேன். ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்தேன். ஐந்து ஆண்டுகளாக ஒரு தனியார் கல்லூரியில் பகுதி நேரமாக ஆங்கிலக் கட்டுரை எழுதும் பாடம் நடத்துகிறேன். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமயக் கவிதையில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. “இதைப் படித்தால் மலேசியாவில் யார் வேலை தருவார்கள்?” என்கிறார் அண்ணன். இதற்கிடையில் ஓர் ஏஜெண்டு, வேலையை விடாமல் இரண்டே ஆண்டில் வெளிநாட்டுப் பட்டம் வாங்கித் தருவதாகவும், மூன்று கட்டுரைகளை இதழ்களில் போட்டுத் தருவதாகவும் சொல்லி 8,000 ரிங்கிட் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். உங்கள் கடிதத்தில் “வாங்கித் தருவதாக”, “போட்டுத் தருவதாக” என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். முனைவர் பட்டத்தை யாரும் வாங்கித் தர முடியாது. வாங்கித் தர முடிந்தால் அது வேறு ஏதோ ஒரு காகிதம். இந்த ஆட்களிடம் பணத்தையும் சில ஆண்டுகளையும் இழந்தவர்களை எனக்கு நேரில் தெரியும். அவர்களில் நன்றாகப் படிக்கக்கூடியவர்களும் இருந்தார்கள் என்பதுதான் என் கோபம்.

“அந்த நாட்டு அரசே அங்கீகரித்த பல்கலைக்கழகம்” என்று அவர் சொல்லியிருப்பார். அது உண்மையாகவே இருந்தாலும் உங்களுக்குப் போதாது. உள்நாட்டுப் படிப்பு என்றால் மலேசியத் தகுதிப் பதிவேட்டில் (அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியல்) இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே தேடலாம். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அரசு வேலைக்கு அதை ஏற்பார்களா என்று மலேசிய அரசிடமே நேரடியாகக் கேளுங்கள். அங்கீகாரப் பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, நீங்கள் சேரப்போகும் அதே படிப்பு, அதே முறையில் இருக்க வேண்டும். ஏஜெண்டு வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒருமுறை நேர்முகக் குழுவில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர், நீங்கள் சொல்லும் அதே காலத்து ஆங்கிலக் கவிஞர் ஜான் டன்னின் கவிதைகளில் முனைவர் பட்டம் பெற்றவர். “எந்தப் பதிப்பை வைத்து வேலை செய்தீர்கள்?” என்று கேட்டேன். டன் 1631இல் இறந்தார், அவர் கவிதைகள் நூலாக வந்தது 1633இல். அதுவரை பெரும்பாலும் கையெழுத்துப் படிகளாகக் கை மாறியவை அவை, படிக்குப் படி வரிகள் மாறும். இந்தத் துறையில் முதல் மாதமே எதிர்ப்படும் சிக்கல் இது. அவருக்குக் கேள்வியே புரியவில்லை. ஆய்வேட்டை யார் எழுதினார்கள் என்று அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை.

சரி, அண்ணனின் கேள்விக்கு வருவோம். அவர் சொல்வதில் பாதி உண்மை. 17ஆம் நூற்றாண்டுச் சமயக் கவிதைக்கு விரிவுரையாளர் தேவை என்று இந்த நாட்டில் விளம்பரம் வருவது அரிது. ஆங்கிலம், கல்விசார் எழுத்து, தொடர்புத் திறன் என்றுதான் வரும். நீங்கள் நுழையப்போவது அந்தக் கதவு வழியாகத்தான், அந்த வேலையை ஐந்து ஆண்டுகளாகச் செய்து வருகிறீர்கள். அதை “வெறும் பகுதி நேரம்” என்று விண்ணப்பத்தின் கடைசி வரியில் ஒளித்து வைக்காதீர்கள். நீங்கள் தயாரித்த பாடத்திட்டம், ஒரே மாணவரின் முதல் வரைவும் கடைசி வரைவும் (பெயரை நீக்கிவிட்டு), நீங்கள் ஓரத்தில் எழுதிய குறிப்புகள் எல்லாவற்றையும் இன்றிலிருந்தே ஒரு கோப்பில் சேருங்கள்.

இரண்டும் வேறு வேறு உலகம் என்றும் நினைக்க வேண்டாம். அதே காலத்துச் சமயக் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் ‘தி டெம்பிள்’ என்ற கவிதை நூல் 1633இல் அச்சானது. அதற்கு முந்தைய நிலையில் இருந்த கையெழுத்துப் படி ஒன்று இன்றும் இருக்கிறது, அதில் ஹெர்பர்ட் தம் கைப்படச் செய்த திருத்தங்கள் உள்ளன. கடவுளிடம் பேசுகிற கவிதையையே ஒரு மனிதர் சொல் சொல்லாக மாற்றிப் பார்க்கிறார். “திருத்தி எழுதுங்கள்” என்று வாரா வாரம் கேட்டுக் களைத்துப்போகும் நமக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? என் வகுப்பில் அந்தப் பழைய வடிவத்தையும் அச்சு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு மாணவர்கள் தங்கள் வரைவை அடித்து எழுதக் கூச்சப்படவில்லை.

தலைப்பைப் பொறுத்தவரை, லண்டனில் இருப்பவரால் செய்ய முடியாத ஒன்றை எடுங்கள். உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். டன் பிறந்த 1572ஆம் ஆண்டைத்தான் தமிழ் முஸ்லிம் இலக்கியத்தின் ஆரம்ப நூல்களில் ஒன்றான ஆயிர மசலாவுக்கும் சொல்கிறார்கள். 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற கிறிஸ்தவச் சமய நூல் தமிழில் அச்சானது, மொத்தம் 16 பக்கம். அடுத்து இஸ்லாமியக் காப்பியமான சீறாப்புராணம், 1726இல் வீரமாமுனிவரின் கிறிஸ்தவக் காப்பியமான தேம்பாவணி. இவற்றையும் ஆங்கிலக் கவிதையையும் ஒன்றாக வைத்துக் கேள்வி கேட்கக்கூடியவர்கள் குறைவு. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றிய தனிநாயகம் அடிகள், அச்சில் வந்த முதல் தமிழ் நூல்களைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர். ஆகவே கோலாலம்பூரில் இந்த வேலைக்கு முன்னோடி இல்லாமல் இல்லை.

மூல நூல்களுக்கு லண்டன் போக வேண்டுமே என்ற பயமும் இப்போது வேண்டாம். பழைய ஆங்கில அச்சு நூல்களில் 60,000க்கு மேற்பட்டவற்றின் எழுத்து வடிவம் 2020 முதல் இணையத்தில் எல்லாருக்கும் இலவசம். பழைய கையெழுத்தைப் படிக்க பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகமே இலவசப் பயிற்சி வைத்திருக்கிறது.

அடுத்தது அந்த மூன்று கட்டுரைகள். காசு வாங்கிக்கொண்டு இதழில் போட்டுத் தருபவர் பெரும்பாலும் போலி இதழில் போடுவார், அல்லது நல்ல இதழின் பெயரைத் திருடிய போலித் தளத்தில் போடுவார். ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோப்பஸ் தரவுத்தளத்தின் முத்திரையைக் காட்டுவார். ஸ்கோப்பஸ் பட்டியலில் நீங்களே தேடுங்கள். பட்டியலில் இருந்து நீக்கப்பட்ட இதழாகவும் இருக்கலாம், எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இதழின் தளத்துக்கும் அந்தப் பட்டியல் வழியாகவே போங்கள்.

ஒரு விலக்கு உண்டு. காசு கேட்கும் எல்லா இதழும் மோசடியில்லை. யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் நல்ல இதழ்கள் சில, கட்டணம் வாங்குகின்றன. வித்தியாசம் எங்கே என்றால், நல்ல இதழ் கட்டணத்தை முன்கூட்டியே தன் தளத்தில் எழுதி வைத்திருக்கும். கட்டுரையை இரண்டு பேராவது படித்து, குறை சொல்லி, நீங்கள் திருத்தி, ஏற்றுக்கொண்ட பிறகுதான் பணம் கேட்கும். வசதியில்லாதவர்களுக்குச் சலுகையும் பல இதழ்களில் உண்டு. பணம் இதழுக்கு நேரே போகும், நடுவில் ஆள் இருக்காது. பத்து நாளில் ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு குறையும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டால் இன்னும் சந்தேகப்படுங்கள். அப்புறம், நம் துறையில் கட்டணமே கேட்காத நல்ல இதழ்கள் நிறைய இருக்கின்றன. அங்கிருந்து தொடங்குங்கள்.

இந்த ஏஜெண்டுகளை வளர்த்துவிட்டது நம் கல்விக்கூடங்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுரையைப் படிக்காமல் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள். அறுபது மாணவர்களின் வரைவைத் திருத்தும் பகுதி நேர ஆசிரியருக்கு வகுப்பில் நின்ற மணிக்கு மட்டும் கணக்குப் போடுகிறார்கள். செமஸ்டர் விடுமுறையில் அவர் எப்படிச் சாப்பிடுவார் என்று யாரும் கேட்பதில்லை. எழுதக் கற்றுக்கொடுப்பது அறிவு வேலை என்பதை இவர்கள் எப்போது ஒப்புக்கொள்ளப் போகிறார்கள்?

அதனால் வேலையை விடாதீர்கள், பகுதி நேர ஆய்வு மாணவியாகச் சேருங்கள். ஐந்தாறு ஆண்டு பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்துக்கு முன்னால் மேற்பார்வையாளரைத் தேடுங்கள். இந்தக் காலகட்டத்தில் வேலை செய்பவர் இங்கே சிலர்தான், அவர்களின் கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். எந்த நூல்கள், என்ன கேள்வி, உங்களால் ஏன் முடியும் என்பது அதில் இருக்க வேண்டும். ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பாதீர்கள், படித்ததும் தெரிந்துவிடும். மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். செமஸ்டர் முடியும் வாரத்தில் மட்டும் அனுப்ப வேண்டாம், அவர்களும் உங்களைப் போலவே விடைத்தாள்களில் மூழ்கியிருப்பார்கள்.