இங்கே சீட் கொடுப்பது யார்?

தம்பி, எச்-1பி வேலை விசாவில் அமெரிக்கா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தக் கேள்வி உங்களுக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. "உறுப்பினர் அட்டை இல்லை, வட்டச் செயலாளர் இல்லை, அப்புறம் வேட்பாளரை யார்தான் நிறுத்துகிறார்கள்? வாக்கே இல்லாத நமக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேட்பாளரை முடிவு செய்வது வாக்காளர்கள். நவம்பர் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பே பிரைமரி என்று ஒரு தேர்தல் நடக்கும். பெரும்பாலான மாநிலங்களில் அதில் ஜெயித்தவர்தான் கட்சியின் வேட்பாளர். கட்சித் தலைமை பணம் தரலாம், ஆதரவு சொல்லலாம். ஆனால் பிரைமரியில் ஜெயித்தவரிடமிருந்து சீட்டைப் பறிக்க முடியாது. 2014-இல் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் ரிபப்ளிகன் கட்சியின் இரண்டாம் இடத்தில் இருந்த எரிக் கேன்டர், வர்ஜீனியாவில் ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் பிரைமரியில் தோற்றார். 2018-இல் நியூயார்க்கில் டெமாக்ரட் தலைவர்களில் ஒருவரான ஜோ கிரவுலியை, 28 வயது அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் தோற்கடித்தார். பிரைமரியில் யார் வாக்களிக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நான் இருக்கும் நியூ ஜெர்சியில் வாக்காளர் பதிவிலேயே கட்சியைக் குறிப்பிடலாம். டெக்சாஸில் அப்படியொரு பதிவே கிடையாது.

இதனால்தான் இங்கே எம்.பி.க்கள் கட்சிக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்பதில்லை. நம் ஊரில் 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது, கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். இங்கே 2017-இல் ஒபாமா மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ரத்து செய்ய ரிபப்ளிகன் கட்சி கொண்டுவந்த மசோதாவை, அதே கட்சியின் ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டித் தோற்கடித்தார். அவர் கடைசிவரை மேலவையான செனட்டின் உறுப்பினராகவே இருந்தார். தலைமையிடம் பேசினால் கட்சி மொத்தமும் வந்துவிடாது என்பதால், காரியம் ஆக வேண்டியவர்கள் உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறார்கள். துப்பாக்கி உரிமைக்கு ஒரு சங்கம், முதியவர்களுக்கு ஒன்று, வணிகர்களுக்கு ஒன்று என்று குழுக்கள் இவ்வளவு பலமாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். இப்படிக் குழுக்களுக்காக உறுப்பினர்களிடம் போய்ப் பேசும் லாபியிங் சட்டப்படியான தொழில். யார் யாருக்காகப் பேசினார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு கொடுக்க வேண்டும், அதை யாரும் பார்க்கலாம். பணத்தின் செல்வாக்கு அளவுக்கு மீறிப் போய்விட்டது என்றே நினைக்கிறேன். 2010-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்புக்குப் பிறகு, வேட்பாளர் கையில் கொடுக்காமல் தனியாகச் செலவழிக்கும் பணத்துக்கு உச்சவரம்பே இல்லை.

நம்மைத் தொட்ட கதையையே பாருங்கள். வேலைவழி கிரீன் கார்டில், அதாவது இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதியில், எந்த நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதியால்தான் இந்தியர்களின் வரிசை இவ்வளவு நீளம். அதை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. வரிசையில் நிற்கும் இந்தியர்கள், வாக்கு இல்லாதவர்கள், அமைப்பாகச் சேர்ந்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. செனட்டில் விவாதமின்றி ஒருமனதாக நிறைவேற்றப் பார்த்தார்கள். அந்த வழியில் ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் நின்றுவிடும். செனட்டர் ராண்ட் பால், வெளிநாட்டுச் செவிலியர்களுக்கு இடம் குறையும் என்றார். மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் மற்ற நாட்டவரைக் காக்க வைப்பது சரியல்ல என்றார் இன்னொரு செனட்டர் டிக் டர்பின். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. திருத்தங்களோடு 2020 டிசம்பரில் செனட்டும் நிறைவேற்றியது. ஆனால் இரண்டு சபைகளின் வடிவமும் ஒன்றாவதற்குள் 2021 ஜனவரியில் அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்து, மசோதா காலாவதியானது. இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

சரி, நீங்கள் செய்யக் கூடாதவை இரண்டு. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளராகப் பதிவு செய்யவா என்று கேட்டால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். குடிமகன் என்று தவறாகக் கையெழுத்திட்டால் கிரீன் கார்டு வாய்ப்பே போய்விடலாம். அடுத்தது, தேர்தல் நன்கொடை. கிரீன் கார்டு வைத்திருப்பவர் கொடுக்கலாம், எச்-1பியில் இருப்பவர் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. யாராவது வேட்பாளர் விருந்துக்கு டிக்கெட் வாங்கச் சொன்னால், அதுவும் நன்கொடைதான்.

உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு மட்டும் தாராளமாகப் போன் செய்யலாம். தொகுதியில் வசிக்கிறீர்களா என்று பார்ப்பார்களே தவிர, பேசுவதற்கு வாக்குரிமை தேவையில்லை. மசோதா எண்ணையும் உங்கள் ஜிப் கோடையும் சொல்லுங்கள், அது உங்கள் குடும்பத்தை எப்படிப் பாதிக்கிறது என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். குடிவரவு அலுவலகத்தில் மனு நீண்ட நாள் சிக்கிக் கிடந்தாலும் இதே அலுவலகத்தில் கேட்கலாம். அதற்கென்றே அங்கே ஆள் இருப்பார், ஒப்புதல் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உங்களுக்காக விசாரிப்பார்.