வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க எந்த ஹெட்போன்? – கேள்வி பதில்

கேள்வி: இரவு வேலையெல்லாம் முடிந்த பிறகு ஒரு மணி நேரமாவது பாட்டுக் கேட்பேன். இதுவரை போனோடு வந்த இயர்போன்தான். இப்போது காதை முழுதாக மூடும் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்க ஆசை. ‘ஓப்பன் பேக்கா, குளோஸ்டு பேக்கா?’ என்று விற்பவர் கேட்டதும் விழித்துவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டேன். எனக்கு எது சரி?

பதில்: அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். நீங்கள் பாட்டுக் கேட்கும் நேரத்தில் அதே அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா? இது தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும்.

ஹெட்போனுக்குள் அதிரும் சவ்வு காதுப் பக்கம் மட்டும் ஒலியைத் தள்ளுவதில்லை, பின்பக்கமும் தள்ளுகிறது. அந்தப் பின்பக்க ஒலியை என்ன செய்வது என்பதில்தான் இரண்டு வகையும் பிரிகின்றன. ஓப்பன் பேக்கில், காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வலையாக இருக்கும். ஒலி தடையில்லாமல் வெளியே போய்விடும். குளோஸ்டு பேக்கில் அது கிண்ணத்துக்குள்ளேயே சுவரில் மோதிக்கொண்டு கிடக்கும். அதை அடக்க உள்ளே ஃபோம் வைப்பார்கள். நன்றாக அடக்கியவை உண்டு. சரியாக அடக்காமல், குடத்துக்குள் பாடுவது போல ஒலிப்பவையும் நிறைய உண்டு.

அதனால்தான் ஒரே விலையில் இரண்டை வைத்துக் கேட்டால் பெரும்பாலும் ஓப்பன் பேக் இயல்பாக ஒலிக்கும். குரல் தலைக்குள் அடைபட்டது போல இருக்காது, காதும் அவ்வளவாக வியர்க்காது. 1968-இல் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 என்ற ஹெட்போனைக் கொண்டுவந்தது. மஞ்சள் ஃபோம் வைத்த, எடை குறைந்த சாதனம். ஓப்பன் பேக் வகைக்கு முன்னோடி அதுதான். அதே நிறுவனத்தின் எச்டி 600 வந்தது 1997-இல். இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே உருவில் விற்கிறது, இன்றைக்கும் நல்ல ஹெட்போன்தான். போன் மாதிரி இரண்டு வருடத்தில் பழசாகிவிடும் பொருள் இல்லை இது. ‘புது மாடல்’ என்ற சொல்லுக்கு இங்கே அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

ஓப்பன் பேக்கின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. நீங்கள் கேட்கும் பாட்டு முழுவதும் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், அவர் பேசுவது உங்களுக்கும் கேட்கும். அதே அறையில் ஒருவர் தூங்கினால் யோசனையே வேண்டாம், குளோஸ்டு பேக் வாங்குங்கள். தனி அறை, அமைதியான நேரம் என்றால் ஓப்பன் பேக். தெருச் சத்தம் நேராக உள்ளே வரும் அறை என்றாலும் குளோஸ்டு பேக்தான். இல்லாவிட்டால் வெளிச் சத்தத்தோடு போட்டி போட்டு ஒலியைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘ஸ்டுடியோவில் பயன்படுத்துவது’ என்று சொல்லி விற்கும் குளோஸ்டு பேக் ஹெட்போன்கள் எல்லாம் பாட்டு ரசிக்கச் செய்தவை அல்ல. பாடுபவரின் ஹெட்போனிலிருந்து ஒலி கசிந்து மைக்கில் ஏறக் கூடாது, பதிவில் சின்னப் பிசிறு இருந்தாலும் துல்லியமாகக் கேட்க வேண்டும், இதற்காகச் செய்தவை அவை. சோனியின் எம்டிஆர்-7506 நல்ல கருவிதான், ஆனால் அதன் மேல் ஸ்தாயிக் கூர்மை ஒரு மணி நேரத்துக்கு மேல் எனக்குத் தாங்காது.

கேள்வி: ஒரு பெட்டியில் ‘20 – 20,000 ஹெர்ட்ஸ்’, இன்னொன்றில் ‘5 – 40,000 ஹெர்ட்ஸ்’ என்று போட்டிருக்கிறது. இரண்டாவதுதானே உசத்தி?

பதில்: இல்லை. ஹெர்ட்ஸ் என்பது ஒலி ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு. மனிதக் காது கேட்கும் எல்லை ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதுவும் இளம் வயதில். வயது கூடக் கூட மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். தவிர, 40,000 ஹெர்ட்ஸில் எத்தனை டெசிபெல் (சத்தத்தின் அளவு) குறைந்து ஒலிக்கிறது என்று அந்தப் பெட்டி சொல்வதில்லை. அதைச் சொல்லாத வரை அது வெறும் எண்.

அந்த இரண்டு எல்லைக்கும் நடுவே எந்த ஒலி தூக்கலாக, எந்த ஒலி தாழ்வாக வருகிறது என்பதே ஒரு ஹெட்போனின் குணம். அதைக் காட்டும் வரைபடம் பெட்டியில் இருக்காது, அளந்து பார்த்து எழுதும் விமர்சனங்களில் இருக்கும். முதலில் பார்க்கும்போது ஒன்று குழப்பும். நல்ல ஹெட்போன் என்றால் நேர்கோடாகத்தானே வர வேண்டும்? வராது, வரவும் கூடாது. எதிரே இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி நம் காது மடலிலும் காதுக் குழாயிலும் பட்டு, சுமார் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் தானாகவே பலமாகிறது. மூளை பிறந்ததிலிருந்து அப்படியே கேட்டுப் பழகிவிட்டது. ஹெட்போன் அந்த இயற்கையான பாதையின் ஒரு பகுதியைத் தாண்டி நேராகக் காதிலேயே உட்கார்ந்துகொள்வதால், அந்த மேட்டை அதுவே உண்டாக்கித் தர வேண்டும். 2010-களில் ஒலிக் கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஆய்வாளர் ஷான் ஓலிவும் அவரோடு இருந்தவர்களும் பலரைக் கேட்கவைத்துச் சோதித்து, பெரும்பாலோருக்குப் பிடித்த கோடு எது என்று வரைந்தார்கள். ஹார்மன் கோடு என்று விமர்சனங்களில் அடிபடுவது இதுதான். 3,000 பக்கம் ஒரு மேடு, அடிப்பகுதியில் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, கொஞ்சம் தூக்கல்.

அந்தக் கோட்டை அப்படியே ஒட்டியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 3,000 பக்கம் பெரிய பள்ளம் இருந்தால் பாடகர் அடுத்த அறையில் நின்று பாடுவது போலிருக்கும். 6,000 முதல் 9,000 வரை கூர்மையான முள் நீட்டிக்கொண்டிருந்தால் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் ஊசி மாதிரி குத்தும். இந்த இரண்டை மட்டும் பார்த்தால்கூடத் தவறான தேர்வுகள் பலவற்றைத் தவிர்க்கலாம். ‘50 மில்லிமீட்டர் டிரைவர்’ (சவ்வை அதிரவைத்து ஒலி எழுப்பும் பாகம்) என்ற பெருமையையும் இதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். அளவு மட்டும் எதையும் சொல்லாது.

கேள்வி: பேயர்டைனமிக் டிடி 770 ஹெட்போன் ஒரே மாடல் 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாகக் கிடைக்கிறது. ஓம் கூடினால் தரமும் கூடுமா? தனியாக ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) வாங்க வேண்டுமா?

பதில்: ஓம் என்பது தரத்தின் அளவு அல்ல. மின்சாரத்துக்கு எவ்வளவு தடை என்பதைச் சொல்வது. ஓம் கூடினால் அதே சத்தத்துக்கு வோல்டேஜ் கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவுதான்.

250 ஓம் என்றால் போனில் ஓடாது என்று பயமுறுத்துவது சரியா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெட்போனை மாட்டுவதற்காகப் போனில் செருகும் சின்ன இணைப்பிகளில் (டாங்கிள்) நல்லவை 1 வோல்ட்டாவது தரும். 250 ஓம் ஹெட்போனுக்கு 1 வோல்ட் கொடுத்தால் 4 மில்லிவாட். அந்த ஹெட்போன் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல் தரும் என்றால், 4 மில்லிவாட்டுக்கு 102 டெசிபெல். வீட்டில் கேட்க அது தாராளம். மிக மெதுவாகத் தொடங்கித் திடீரென்று உயரும் ஆர்கெஸ்ட்ரா இசை கேட்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் போதாமல் போகலாம்.

ஓம் குறைவாக இருந்தால் எளிதாக ஓடிவிடும் என்பதும் நிஜமில்லை. ஹைஃபைமேன் நிறுவனத்தின் பழைய எச்இ-6 வெறும் 50 ஓம்தான். ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல்தான் தரும். மேலே சொன்ன 96-க்கும் இதற்கும் உள்ள இடைவெளியை நிரப்ப ஏறத்தாழ 18 மடங்கு மின்சக்தி வேண்டும். அதை ஓட்டத் தெம்பான ஆம்ப் இல்லாமல் முடியாது. ஆக, ஓமை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் உள்ள டெசிபெல் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். அது மில்லிவாட்டுக்கா, வோல்ட்டுக்கா என்பதையும் கவனியுங்கள், இரண்டும் வேறு வேறு.

என் கதை ஒன்று. பல வருடங்களுக்கு முன் 32 ஓம் ஹெட்போன் ஒன்றை வாங்கி, வீட்டிலிருந்த பழைய ஸ்டீரியோவின் ஜாக்கில் செருகினேன். பாஸ் கொழகொழவென்று வந்தது. ஹெட்போன் மட்டம் என்று முடிவுகட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழைய ஆம்ப்கள் பலவற்றில் ஹெட்போன் ஜாக்குக்கு முன்னால் நூறு ஓமுக்கு மேல் தடை வைத்திருப்பார்கள், அது குறைந்த ஓம் ஹெட்போனின் ஒலியையே மாற்றிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. ஆம்பின் வெளியீட்டுத் தடை ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான கணக்கு.

உங்களுக்கு என் யோசனை: முதலில் ஹெட்போனை வாங்கிப் போனிலோ கணினியிலோ செருகிக் கேளுங்கள். ஒலியை முழுதாக ஏற்றியும் போதவில்லை என்றால் அப்புறம் ஆம்ப் பற்றி யோசிக்கலாம். பணத்தை ஹெட்போனுக்கும் ஆம்புக்கும் பாதிப் பாதியாகப் பிரிப்பதைவிட ஹெட்போனிலேயே போடுவது மேல். விலையுயர்ந்த கேபிளில் ஒரு காசும் போட வேண்டாம்.

கேள்வி: கம்பியில்லாத ஹெட்போன் வசதியாக இருக்கிறது. புளூடூத்தில் இசை கெட்டுப்போகும் என்கிறார்களே?

பதில்: கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள். குறுந்தகட்டில் உள்ள இசை ஒரு நொடிக்கு 1,411 கிலோபிட். புளூடூத்தின் அடிப்படைக் கோடெக்கான (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) எஸ்பிசி அதைச் சுமார் 328 கிலோபிட்டுக்குள் சுருக்கி அனுப்பும். சோனியின் எல்டேக் என்ற கோடெக்குக்கு அதிகபட்சம் 990. எண்ணில் பெரிய வித்தியாசம்தான். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் இவற்றைப் பிரித்தறிவது பலருக்கும் சிரமம். இரண்டு ஹெட்போன்களுக்கு இடையே உள்ள குண வேறுபாடு இதைவிட எத்தனையோ மடங்கு பெரியது.

எனக்கு உறுத்துவது பேட்டரி. சில வருடங்களில் அது தேயும். மாற்ற முடியாதபடி ஒட்டி வைத்திருந்தால், நன்றாக ஒலிக்கும் ஹெட்போனைக் கழித்துக்கட்ட வேண்டியதுதான். 1984-இல் வந்த காஸ் போர்ட்டா ப்ரோ இன்னும் உற்பத்தியில் இருக்கிறது, அதில் பேட்டரியே இல்லை. இரைச்சலைக் குறைக்கும் வசதி விமானம், பேருந்து போன்ற சீரான தாழ்ந்த இரைச்சலுக்கு அருமை. அமைதியான வீட்டில் அதற்குப் பெரிய வேலை இல்லை. சமையல் செய்துகொண்டே, நடமாடிக்கொண்டே கேட்பவர் என்றால் புளூடூத் வாங்குங்கள், தப்பே இல்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்பவருக்குக் கம்பி ஒரு தொந்தரவா என்ன?

கேள்வி: புது ஹெட்போன் பிடிக்கவில்லை. நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி பழுத்துவிடும், பொறு என்கிறார் நண்பர்.

பதில்: பொறுத்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும்! காலப்போக்கில் காதுறை கொஞ்சம் மெத்தென்று ஆகும், உங்கள் காதும் பழகும். சவ்வு தானே பழுத்து வேறு ஹெட்போனாக மாறாது. நான்கைந்து நாள் கேட்டும் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கண்ணாடி போடுபவன் நான். அரை மணி நேரத்தில் காதோரம் வலிக்கிறது, பாஸும் குறைவாகத் தெரிகிறது.

பதில்: இரண்டுக்கும் காரணம் கண்ணாடிக் காம்புதான். அது காதுறையைத் தூக்கிவிடுவதால் இடைவெளி விழுகிறது. குளோஸ்டு பேக் ஹெட்போனில் அந்தச் சின்ன இடைவெளி வழியாகவே பாஸ் ஓடிவிடும். வெல்வெட் போன்ற மென்மையான, பருத்த காதுறை உள்ளதைப் போட்டுப் பாருங்கள், மெல்லிய காம்புள்ள கண்ணாடியும் உதவும். அழுத்தம் அதிகம் என்றால், தலையின் அகலத்துக்குப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் ஓரிரு இரவு மாட்டி வையுங்கள், கொஞ்சம் தளரும். எடையையும் பாருங்கள். எச்டி 600 சுமார் 260 கிராம். தட்டையான சவ்வைக் காந்தங்களுக்கு நடுவே அதிரவைக்கும் பிளானர் வகையில் அரைக் கிலோவைத் தாண்டுபவையும் உண்டு. எவ்வளவு அழகாகப் பாடினாலும் கழுத்து ஒத்துக்கொள்ளாது.

கேள்வி: கடையில் இரண்டை மாற்றி மாற்றிக் கேட்டேன். அங்கே பிடித்தது வீட்டில் பிடிக்கவில்லை. ஏன்?

பதில்: இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலித்தனவா? பெரும்பாலும் அங்கேதான் ஏமாறுகிறோம். ஒரு துளி சத்தம் கூடினாலே காதுக்கு அது தரமாகப் படும். கடையின் இரைச்சலில் பாஸும் ட்ரெபிளும் (உயர்ந்த ஒலி) தூக்கலாக உள்ளது சட்டென்று கவரும், வீட்டின் அமைதியில் அதுவே சலிப்பூட்டும். அடுத்த முறை கடைக்காரர் போடும் பாட்டை விடுங்கள். உங்களுக்கு மனப்பாடமான நாலு பாட்டை எடுத்துப்போங்கள். குரல் மட்டும் தனியாக வரும் இடம் ஒன்று, பல வாத்தியங்கள் ஒன்றாகச் சேரும் இடம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். சத்தத்தைச் சமமாக வைத்து ஒவ்வொன்றையும் பத்து நிமிடமாவது காதில் வைத்திருங்கள்.

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய ஹெட்போனை வாங்கலாமா?

பதில்: கம்பியுள்ளது என்றால் தயங்காமல் வாங்கலாம். இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோ பதிவு ஒன்றைப் போடுங்கள். குரல் நட்டநடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் டிரைவரில் கோளாறு இருக்கலாம். கேபிளை ஜாக்குக்கு அருகிலும் கிண்ணத்துக்கு அருகிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள், கரகரப்பு வரக் கூடாது. கேபிள் கழற்றி மாட்டும் வகை என்றால் நிம்மதி. பிரபலமான மாடல்களுக்குப் போலிகள் ஏராளம், அதனால் பெட்டியிலும் ஹெட்போனிலும் வரிசை எண் இருந்தால் ஒத்துப்போகிறதா பாருங்கள். காதுறை எப்படியும் நசுங்கியிருக்கும், நசுங்கிய உறையில் கேட்கும் ஒலி அந்த ஹெட்போனின் உண்மையான ஒலி அல்ல. அந்த மாடலுக்குப் புதுக் காதுறை இன்னும் கிடைக்கிறதா என்று முதலில் விசாரித்து, அதன் விலையையும் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.