சுகர் ஆய்வுகள்: கேள்விகளும் என் பதில்களும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. சர்க்கரை நோய்க் கணக்கெடுப்புகளுக்காகப் பல வருடம் வீடு வீடாக நடந்தவன். இப்போது அந்தத் தாள்களைக் கூட்டிக் கழிக்கிற வேலை. இந்தியா முழுக்க நடந்த ஆய்வுகள் பற்றிக் கேளுங்கள். மாத்திரை பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான்: நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சுகர் என்கிறார்களே, யார் போய் எண்ணினார்கள்?

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்)-இண்டியாப் ஆய்வு. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம்தான் ஒருங்கிணைத்தது. 2008இல் தொடங்கி 2020 வரை, கட்டம் கட்டமாக 31 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள். தலை எண்ணவில்லை. கிராமம், நகரம் என்று மாதிரி எடுத்து 1,13,043 பேரைப் பரிசோதித்துக் கணக்கிட்டார்கள். பெரியவர்களில் 11.4 சதவீதம் வந்தது, அதாவது சுமார் 10.1 கோடிப் பேர். அதிகம் கோவாவில், 26.4. குறைவு உத்தரப் பிரதேசத்தில், 4.8. அதற்காக உ.பி. தப்பித்தது என்று நினைக்காதீர்கள். அங்கே ஒரு சுகர்காரருக்குக் கிட்டத்தட்ட நான்கு பேர் சுகரின் வாசற்படியில் நிற்கிறார்கள், அதாவது சர்க்கரை அளவு ஏறியிருக்கிறது, ஆனால் சுகர் என்று சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

இந்த மாதிரிப் பரிசோதனை எப்படி நடக்கும் தெரியுமா? காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்தி ஒரு சொட்டு. அப்புறம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு குத்து. நான் போன ஒரு சிறிய கணக்கெடுப்பில் ஓர் அம்மா டம்ளரைக் காலி செய்துவிட்டு, "இதுக்காக நூறு நாள் வேலையை விட முடியுமா?" என்று மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார். நான் குளுக்கோமீட்டரோடு ஏரிக்கரைக்கு ஓடினேன். ஓடி என்ன, அவர் அதற்குள் ஒரு மணி நேரம் மண் வெட்டியிருந்தார். உடல் உழைத்த பிறகு எடுத்த அந்த அளவைக் கணக்கில் சேர்க்க முடியாது, அடித்துவிட்டோம்.

கேள்வி: அப்பாவுக்கு ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 9. ஆவாரம்பூ கஷாயம் குடித்தால் மாத்திரையை விடலாமா?

விடக்கூடாது. டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: எண்ணிக்கை எல்லாம் சரி. நோயாளிக்கு இதனால் என்ன லாபம்?

இதைத்தான் எதிர்பார்த்தேன். அதே இண்டியாப் ஆய்வில், தனக்குச் சுகர் இருக்கிறது என்று தெரிந்தவர்களைத் தனியாகப் பார்த்தார்கள். 2022இல் வெளிவந்தது. மூன்று மாத சராசரி 7க்குக் கீழே வைத்திருந்தவர்கள் 36.3 சதவீதம். பிபி கட்டுக்குள் 48.8. கெட்ட கொழுப்பு 41.5. மூன்றும் சேர்ந்து கட்டுக்குள் இருந்தவர்கள் வெறும் 7.7. நோய் இருப்பது தெரியும், மாத்திரை கடையில் கிடைக்கிறது, ஆனாலும் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை.

ஏன்? என் அனுபவத்தில், பாதிப் பேர் அடுத்த தடவை வருவதே இல்லை. வருபவருக்கும் பழைய சீட்டையே எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இந்த இரண்டு ஓட்டையையும் அடைக்க முடியுமா என்று பார்த்ததுதான் கார்ஸ் ஆய்வு. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 10 மருத்துவமனைகள், 1,146 நோயாளிகள். புது மருந்து எதுவும் கிடையாது. ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஒருங்கிணைப்பாளர், டாக்டர் அல்லாதவர். "போன வாரம் ஏன் வரல?" என்று போன் போடுவது அவர் வேலை. இன்னொரு பக்கம், "இவருக்கு பிபி ஏறியிருக்கிறது, மருந்தைக் கூட்டலாமா?" என்று டாக்டருக்கு எடுத்துக் கொடுக்கும் கணினி. ஏற்பதும் விடுவதும் டாக்டர் இஷ்டம். இரண்டரை வருடத்துக்குச் சற்றுக் குறைவாக நடந்தது. சுகரோடு பிபியோ கொழுப்போ கட்டுக்குள் வந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 8.1 சதவீதம், இந்த முறையில் 18.2. கொட்டாவி விடாமல் படியுங்கள், இரண்டு மடங்குக்கு மேல்!

கேள்வி: கிராமத்தில் இதெல்லாம் நடக்குமா?

நடந்திருக்கிறது. சூணாம்பேடு, அப்போது காஞ்சிபுரம் மாவட்டம். 42 கிராமங்களுக்கு ஒரு வேன் போனது. கண் படம் எடுக்கும் கேமரா முதல் எல்லாம் அதற்குள்ளேயே. இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாகச் சென்னை டாக்டர் பார்ப்பார். ஒரு வருடத்தில் மூன்று மாத சராசரி 9.3இலிருந்து 8.5க்கு இறங்கியது. போதாதுதான், ஆனால் அதற்குமுன் அந்த ஊர்க்காரர்களுக்கு இந்த வசதியே இல்லை. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதையும் இந்த வரிசையில் வைக்கலாம்.

கேள்வி: நான் ஒல்லி. எனக்கும் வருமா?

வரும். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் பக்கத்தில் பக்கத்தில் நின்று போட்டோ போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு இருக்கலாம்.

கேள்வி: பாகற்காய் ஜூஸ்...

மேலே ஆவாரம்பூவுக்குச் சொன்னதேதான்.

கேள்வி: அரிசியை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறிவிட்டேன். இனிப் பயமில்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. இண்டியாப் குழுவின் 2025 உணவு ஆய்வின்படி நம் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்தால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தையே கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, மோர், தயிர் என்று புரதம் வந்தால்தான் குறைகிறது.

கேள்வி: இது அரிசி வியாபாரிகள் பேசுகிற பேச்சு. என் பாட்டி கம்பங்கூழ் குடித்து 90 வயது வாழ்ந்தார்!

அரிசி வியாபாரி எனக்கு ஒரு மூட்டைகூடக் கொடுத்ததில்லை. பாட்டி கூழைக் குடித்துவிட்டு எங்கே போனார்? களை எடுக்கத்தானே? நீங்கள் எங்கே போகிறீர்கள்?

கேள்வி: அப்படியானால் சிறுதானியமே கெடுதல் என்கிறீர்களா?

நான் சொல்லவே இல்லை. நார்ச்சத்து இருக்கிறது, சாப்பிடுங்கள். கடைச் சாமையும் வரகும் பல நேரம் தீட்டி வெளுத்தவை, அதைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு இட்லி போதும் என்றிருந்தவர் "ராகிதானே" என்று ஐந்து தோசை சாப்பிடுகிறார் பாருங்கள், என் சண்டை அதோடுதான்.

கேள்வி: சுகர் வருமுன் தடுக்க முடியுமா?

தள்ளிப்போடலாம். 2006இல் வந்த நம் ஊர் ஆய்வு, வாசற்படியில் இருந்த 531 பேர். சும்மா விட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு வந்தது. நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று இருந்தவர்களில் 39.3. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை எடுத்தவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்தும் பார்த்தார்கள், கூடுதல் லாபம் இல்லை. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தக் கிளம்பாதீர்கள், இவர்கள் சுகர் வராதவர்கள்.

கேள்வி: ராகி தோசை வேண்டாம் என்றால் ராகிக் களி?

களியும் ராகிதானே ஐயா.