விண்மீன் கூட்டங்களால் அறிவியலுக்கு ஏதாவது பயன் உண்டா, ஜோதிடத்துக்கு மட்டும்தானா?

உண்டு. வானியலாளருக்கு விண்மீன் கூட்டம் என்பது முகவரி. சர்வதேச வானியல் ஒன்றியம் 1928-ல் வானம் முழுவதையும் 88 பகுதிகளாக எல்லை போட்டுப் பிரித்துவிட்டது. புதிதாக எது தென்பட்டாலும் அந்த 88-ல் ஒன்றில்தான் இருந்தாக வேண்டும். ஒரே கூட்டத்து நட்சத்திரங்கள் நம் கண்ணுக்குத்தான் பக்கத்தில் தெரிகின்றன. பல சமயம் ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான ஒளியாண்டு முன்பின்னாக இருக்கும்.

விருச்சிகத்தையே (ஆங்கிலத்தில் ஸ்கார்ப்பியஸ், தேள்) எடுத்துக்கொள்வோம். ஆனி, ஆடியில் இரவு ஒன்பது மணிவாக்கில் தெற்கே பாருங்கள். சிவப்பாக மின்னுவது கேட்டை. அங்கிருந்து தூண்டில் முள் மாதிரி கீழிறங்கி வளைவது தேளின் வால். நுனியில் ஒட்டினாற்போல் இரண்டு புள்ளிகள். அதில் பிரகாசமானது மூலம்.

1962-ல் வானியற்பியலாளர் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு, நிலவிலிருந்து எக்ஸ்ரே வருகிறதா என்று பார்க்க ராக்கெட்டில் கருவி அனுப்பியது. கிடைத்ததோ இந்தத் தேளின் திசையிலிருந்து வந்த எக்ஸ்ரே. சூரியக் குடும்பத்துக்கு வெளியே எக்ஸ்ரே உமிழும் பொருள் ஒன்று அகப்பட்டது அதுவே முதல் தடவை. இருக்குமிடத்தை வைத்தே ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 என்று பெயரிட்டார்கள். ஜியாக்கோனிக்கு 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்மூரிலும் ஒன்று உண்டு. மதராஸ் வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் கண்டுபிடித்த ஒளிமாறும் நட்சத்திரத்தின் பெயர் ஆர் ரெட்டிகுலி. ரெட்டிகுலம் என்பது தென்வானத்தில் உள்ள ஒரு சின்னக் கூட்டம். (பஞ்சாங்கக் கணக்கைத் திருத்தப் பாடுபட்டவரும் இவரே. பஞ்சாங்கம் கணிப்பதோடு எனக்குச் சண்டையில்லை, அது நல்ல கணக்கு.)

சண்டையெல்லாம் 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்பதோடுதான். மூல நட்சத்திரப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. சந்திரன் 'மூலத்தில்' இருக்கும்போது பிறந்ததுதான் அந்தப் பெண் செய்த குற்றம். உண்மையில் சந்திரன் அந்த நட்சத்திரத்தின் கிட்டேகூடப் போவதில்லை. சந்திரனின் பாதை எவ்வளவு தெற்கே சாய்ந்தாலும் இடையில் எட்டு டிகிரிக்கு மேல் மிச்சமிருக்கும்; பதினாறு முழுநிலாக்களை வரிசையாக அடுக்கலாம். அந்த நட்சத்திரமோ ஐந்நூறு ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. தன் முகவரி இங்கே ஒரு கல்யாணத்தைக் கெடுப்பது அதற்கு எப்படித் தெரியும்?

கணக்கும் உதைக்கிறது. ஜோதிடம் சந்திரனின் பாதையை 27 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒரு நட்சத்திரம் என்கிறது. ஒவ்வொன்றிலும் சந்திரன் ஏறக்குறைய ஒரு நாள் இருப்பதால், 27 பெண்களில் ஒருத்தி மூலம். சொன்னது நிஜமென்றால் ஒவ்வொரு தெருவிலும் மாமனார்கள் வரிசையாகப் போயிருக்க வேண்டும். இதைச் சொன்னால், "அது முதல் பாதத்துக்கு மட்டும்தான் தம்பி" என்று இறங்கி வருவார்கள். பாதம் என்பது நட்சத்திரத்தில் நாலில் ஒரு பங்கு; அப்போதும் 108 மருமகள்களில் ஒருத்தி. அந்த மாமனார்களை யாராவது எண்ணிப் பார்த்தார்களா என்று கேளுங்கள், பேச்சு உடனே பத்துப் பொருத்தத்துக்குத் தாவிவிடும்.